ஊற்றுத் தோண்ட வேண்டாம் என்று சொன்னேன்

நெய்வேலிக்கு வேலைக்கு வந்த புதிதில் அங்கிருந்த ஆற்றைப் பார்த்து நான் சிரித்தேன். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. முத்தாண்டிக்குப்பம் போகும் ரோட்டை விட்டு இறங்கி, முந்திரிக்காட்டுக்குள் கால் மணி நேரம் நடந்தால் ஒரு மணல் பள்ளம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். தை முடிவதற்குள் அதுவும் இழுத்துக்கொண்டு போய்விடும். மிச்ச மாதமெல்லாம் வெறும் மணல்தான். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. கரையில் இருந்தவர்கள் ஆறு என்றே சொன்னார்கள். இதுவா ஆறு என்று என் அறைக்கூட்டாளியிடம் நான் கேட்டது அங்கே நின்றிருந்தவர்கள் காதிலும் விழுந்திருக்கும். 

கரையில் இருந்தது முப்பது, நாற்பது குடிசைகள். சேரி என்றுதான் அன்று எல்லோரும் சொன்னோம். நானும் கூசாமல் சொன்னேன். ஒருவருக்கும் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக இருந்தவர்கள், சுரங்கம் வந்த பிறகு காண்ட்ராக்டரிடம் மண் சுமக்க வந்தார்கள். நான் பம்ப் ஆபரேட்டர். பெர்மனென்ட். அந்த ஒரு சொல்லுக்கு அன்று இருந்த மரியாதையைச் சொன்னால் இன்று நம்பமாட்டார்கள். மைனர் கணக்காய் நடந்துகொண்டோம்.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று புரியாது. பழுப்பு நிலக்கரி மேல்மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அந்தக் கரிக்கும் அடியில் தண்ணீர். சும்மா கிடக்கும் தண்ணீர் இல்லை, எந்நேரமும் மேலே முட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர். மேலே உள்ள பாரத்தை எடுத்துவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு கிளம்பிவிடும். அதனால் பள்ளத்தைச் சுற்றிலும் ஆழமாகக் குழாய் இறக்கி, இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தீபாவளி, பொங்கல் எதுவும் பம்புக்குக் கிடையாது. மூன்று ஷிப்டிலும் ஆள் உண்டு. வாரம் ஒருமுறை, சுற்றிலும் போட்டிருந்த அளவுக் கிணறுகளில் நாடாவை இறக்கி, தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வருவதும் என் பொறுப்பு. மட்டம் இறங்கியிருந்தால் எங்களுக்குச் சந்தோஷம். இறங்கத்தானே இறைக்கிறோம். போன வாரத்தைவிட நன்றாக இறங்கியிருக்கிறது என்று இளம் எஞ்சினியரிடம் சொல்லும்போது, பரீட்சையில் மார்க் வாங்கியவன்போல எனக்கு முகம் மலரும்.

இறைத்த தண்ணீரை ஆரம்பத்தில் ஒரு தாழ்ந்த பொட்டலில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அது தேங்கி ரோட்டை அரித்தது. ஒரு வாய்க்கால் வெட்டி அந்த மணல் பள்ளத்தில் சேர்த்துவிட்டால் என்ன சார் என்று நான்தான் எஞ்சினியரிடம் சொன்னேன். அவருக்கு ரோட்டைப் பற்றிய கவலை. எனக்கு ஆற்றைப் பற்றி. தண்ணீர் இல்லாத ஆற்றைப் பார்த்தால் எனக்கு ஆகாது. யார் கவலைக்காகவோ, ஒரு வழியாக வாய்க்கால் வெட்ட உத்தரவு வந்தது.

அந்த வாய்க்கால் வேலைக்கு வந்த சித்தாள்களில் ஒருத்தி கரையோரத் தெருக்காரி. என் வயதுதான் இருக்கும். மற்றவர்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்கள், இவள் நிறுத்தமாட்டாள். மண்கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக வந்து கேட்டாள்.

"இந்தத் தண்ணி எங்க சார் போவுது?"

"உங்க ஆத்துக்குத்தான்மா."

"எங்க ஆத்துக்கா? எத்தினி நாளைக்கு?"

"எப்பவும்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "அப்ப எங்க ஊத்து முழுகிப்பூடுமே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஆற்றுக்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறேன், இவள் ஊற்றைப் பற்றிப் பேசுகிறாள்.

அந்த ஊற்றை நான் பார்த்திருந்தேன். மாசி பிறந்து ஆறு வற்றியதும் ஒரு நாள் குறித்து, வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வருவார்கள். வராத வீடு கிடையாது. ஆளில்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டான் சேர்த்து வெட்டுவான். மணலை ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டி, உள்ளே குடைந்த பனந்துண்டை உறையாக இறக்குவார்கள். முதலில் சுரக்கும் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, மொண்டு மணலிலேயே ஊற்றிவிடுவார்கள். அன்று முதல் மழைக்காலம் வரைக்கும் தெருவுக்கே அந்தத் தண்ணீர்தான். அந்த இடத்தில் மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, எச்சில் துப்பினால் ஊர்கூடி வைவார்கள். காலையில் முதலில் குடம் எடுத்து வருகிற பெண், இரவில் சரிந்த மணலைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டுத்தான் மொள்ள வேண்டும். யாரும் காவல் இல்லை, யாரும் கணக்குப் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டும் கண்ணாடிபோல இருந்தது.

ஊர்க் கிணறு அரை மைலில் இருந்தது. இவர்கள் அதில் வாளி இறக்கக் கூடாது. தள்ளி நின்று, யாராவது மனம் வைத்துக் குடத்தில் ஊற்றினால் வாங்கிக்கொண்டு வரலாம். அதைப் பற்றி அவள் ஒருமுறை சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"எங்க ஆயி காலத்துல ஒரு வருசம் ஊத்துல தண்ணியில்லாம அந்தக் கெணத்தாண்ட போயி நின்னாங்களாம் சார். அதுக்கப்புறம் எந்த வருசமும் ஊத்தத் தோண்டாம வுட்டதில்ல. நாங்க யாரையும் கேக்காம மொண்டுகினு வர்ற ஒரே எடம் அதான்."

எனக்கு அவள் சொன்னது விளங்கியது. விளங்கினால் போதுமா? மண்டையில் ஏறவில்லை. நான் தண்ணீரைப் பற்றி யோசித்தேன். அவள் சொன்னது கேட்காமல் எடுப்பதைப் பற்றி.

வாய்க்கால் திறந்த அன்று நான் ஷிப்ட் முடிந்து போய்ப் பார்த்தேன். நுரைத்துக்கொண்டு வந்தது தண்ணீர். பங்குனி வெயிலில் அந்தப் பள்ளம் நிறைந்து ஓடியதை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அடியாழத்திலிருந்து வருவதால் வெதுவெதுப்பாக இருந்தது. கால் வைத்த பெண்கள் ஆத்துக்குக் காய்ச்சல் அடிக்குது என்று சொல்லிச் சிரித்தார்கள். கிழவர்கள் அதில் உட்கார்ந்து மூட்டுவலிக்கு நல்லது என்றார்கள். குழந்தைகளைக் கரையேற்ற முடியவில்லை. அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்குக் கரைமுழுக்கக் கூட்டம். பெண்கள் காதோலையும் கருகமணியும் விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். எனக்கு ஒரு தூக்கு நிறையச் சித்திரான்னம் வந்தது. தண்ணி வுட்ட சார் என்றே எனக்குப் பெயர் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதும்போது, நம் ஊர் ஆறு மாதிரியே இங்கேயும் ஒன்று ஓடுகிறது, ஓட வைத்தது நான் என்று எழுதினேன். கை கூசவில்லை.

அடுத்த மாசியில் அவள் இரண்டு ஆண்களைக் கூட்டிக்கொண்டு பம்ப் ஹவுஸுக்கு வந்தாள். வெளியே நின்றார்கள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ரெண்டு நாளைக்குத் தண்ணிய நிறுத்த முடியுங்களா சார்? ஊத்தத் தோண்டிக்கிறோம்."

"எதுக்கு?"

"ஊத்துக்கண்ணு தூந்துபூடும் சார். வருசா வருசம் தோண்டிகினே இருந்தாத்தான் வழி தெறந்திருக்கும். நிறுத்த முடியாட்டி, சுத்திக் கொரம்பு போட்டுக்கிறோம். மண்ணும் தழையும் வெச்சு அணை கட்டி, தண்ணியத் தள்ளிவுட்டுட்டு நடுவுல தோண்டிக்கிறோம். உங்க ஆளுங்க ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதும்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது. பம்புகளைச் சுட்டிக் காட்டி, பெரிய உபன்யாசமே செய்தேன். இதை நிறுத்தினால் மைன்ஸ் முழுகிவிடும். எனவே இது நிற்காது. நான் ரிட்டையர் ஆனாலும் நிற்காது. என் பேரன் காலத்திலும் ஓடும். முழங்கால் தண்ணீர் ஓடுகிற ஆற்றில் நின்றுகொண்டு யாராவது ஊற்றுத் தோண்டுவார்களா?

"பம்ப் நிக்காதுங்களா?"

"நிக்காது."

"சத்தியமா?"

"சத்தியமா."

பம்ப் நிற்காது என்பது உண்மைதான். அன்றைக்கும் உண்மை, அதற்குப் பிறகும் உண்மை. பம்போடு வாழ்கிறவனுக்கு வரக்கூடிய புத்திமயக்கம் அது. பம்ப் ஓடினால் தண்ணீர் வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். வந்த தண்ணீரை எந்தப் பக்கம் திருப்புவது என்று வேறொருவர் ஒரு காகிதத்தில் எழுத முடியும் என்பது என் மூளையில் உதிக்கவே இல்லை. இத்தனைக்கும் திருப்புகிற வால்வு என் நாற்காலியிலிருந்து பத்தடியில் இருந்தது.

அவர்கள் தெருவில் இரண்டு கட்சி ஆனது என்று பிறகு கேள்விப்பட்டேன். கொரம்பு போட்டே ஆக வேண்டும் என்று அவளும் சிலரும். சாரே சொல்லிட்டாரு, நீ அவருக்கு மேலயா என்று மற்றவர்கள். என் வார்த்தையைச் சொல்லியே அவளைக் கேலி செய்து உட்காரவைத்தார்கள். அந்த மாசியில் யாரும் மண்வெட்டி எடுக்கவில்லை. அதற்கு அடுத்த மாசியிலும் எடுக்கவில்லை. ஆற்றில் சிலர் துணி துவைத்தார்கள், மாடு கழுவினார்கள். நிறையத்தான் ஓடுகிறதே, யார் கேட்பார்கள்? குடிக்கவும் அதையேதான் மொண்டார்கள்.

அதற்கிடையில் எனக்குக் கல்யாணமாகி, குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வீட்டுக்குள்ளேயே குழாய். என் மனைவிக்கு அந்தக் குழாயைத் திறந்து மூடுவதே ஒரு விளையாட்டாக இருந்தது. அதுவும் என் பம்ப் இறைத்த தண்ணீர்தான். அந்த வெதுவெதுப்பு கையில் தெரியும்.

ஒரு சித்திரையில் காகிதம் வந்தது. மின் நிலையத்துக்குத் தண்ணீர் போதவில்லை. புதுக்குழாய் போட்டாகிவிட்டது. இன்று முதல் வெளி வாய்க்காலை மூடி, முழுவதையும் அந்தப் பக்கம் திருப்பவும். பகல் ஷிப்ட் என்னுடையது. வால்வுச் சக்கரம் கனமானது, இரண்டு கையாலும் சுற்ற வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் இரண்டு நாளில் திறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. கடைசிச் சுற்றில் வாய்க்கால் பக்கத்துச் சத்தம் நின்றது. பம்புகள் எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தன.

நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், என் வார்த்தை பொய்யாகிவிட்டது, இருக்கிற தண்ணீர் வற்றுவதற்குள் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. பயம். அவமானம். நாளைக்குப் போகலாம் என்று ஐந்து நாள் ஓட்டினேன். ஆறாம் நாள் போனபோது மணலில் ஈரம்கூட இல்லை.

ஆண்களும் பெண்களும் பள்ளத்தில் நின்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். பழைய பனந்துண்டு மக்கிப் போயிருந்தது. அந்த இடத்தையே தேட வேண்டியிருந்தது. இரண்டு வருஷ வண்டல் படிந்து எல்லாம் ஒரே மேடாகக் கிடந்தது. ஓர் ஆள் ஆழம் தாண்டியாகிவிட்டது. அவள் உள்ளே நின்று கூடையில் மணலை அள்ளி அள்ளி மேலே கொடுத்துக்கொண்டிருந்தாள். மேலே வந்த மணல் மாவு மாதிரி உதிர்ந்தது. என்னைப் பார்த்தவுடன் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அவள் பள்ளத்துக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்து, "பம்ப் நின்னுட்டுதா சார்?" என்று கேட்டாள்.

நிற்கவில்லை என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றும் இருந்தது, இல்லை என்றும் இருந்தது.

"இன்னும் ரெண்டு முழம் தோண்டினா வந்துடும்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி குனிந்தாள்.

வராது என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தோன்றியது. வாராவாரம் நாடா இறக்கிப் பார்த்தவன் நான். மட்டம் இறங்க இறங்கச் சிரித்தவன் நான். மேல் ஊற்று வேறு, அடியில் இருக்கிற தண்ணீர் வேறு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எஞ்சினியர் பிறகு படம் போட்டு விளக்கினார். இருக்கலாம். படித்தவர். தூர்ந்து போனதால்தான் கண் அடைத்துக்கொண்டது என்று தெருக்காரர்கள் சொன்னார்கள். அதுவும் இருக்கலாம். எது காரணமானாலும் அதில் என் கை இருந்தது. இறைத்தவனும் நான், தோண்ட வேண்டாம் என்றவனும் நான்.

இரண்டு முழம் தோண்டினார்கள். அதற்கு மேலும் தோண்டினார்கள். மணல் சரிய ஆரம்பித்ததும் அவளை மேலே இழுத்துவிட்டார்கள். மறுநாள் வேறு இடத்தில் தோண்டினார்கள், அதற்கு மறுநாள் இன்னொரு இடத்தில். வைகாசி வருவதற்குள் அந்த ஆறு முழுக்கப் பள்ளமாகிவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். எஞ்சினியரிடம் போய், ஒரே ஒரு பம்புத் தண்ணீரையாவது விடுங்கள் சார் என்று கெஞ்சினேன். நல்ல மனிதர். உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்தார். என் கையில் இல்லையப்பா, எழுதிக் கொடு என்றார். தெருவில் உட்கார்ந்து நானே மனு எழுதினேன். எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். பதில் வருவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அந்த ஓடையில் இயற்கையாகக் கோடையில் தண்ணீர் இருப்பதில்லை, எனவே நீர் நிறுத்தப்பட்டதால் பாதிப்பு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். படித்துப் பார்த்தால் ஒரு பொய்யும் இல்லை. தாலுகாவிலிருந்து கிணறு வெட்ட இடம் பார்க்க வந்தார்கள். சங்கிலி பிடித்து அளந்துவிட்டு, முளை அடித்துவிட்டுப் போனார்கள். முளையை ஆடு இழுத்துப் போட்டது. திரும்பி யாரும் வரவில்லை.

அவர்கள் ஊர்க் கிணற்றுக்குப் போனார்கள். நான் ஒருநாள் அந்தப் பக்கமாகச் சைக்கிளில் வந்தபோது பார்த்தேன். இருபது குடம் வரிசையாக வைத்திருந்தது. குடத்துக்காரிகள் புளியமரத்தடியில், ஐம்பது அடி தள்ளி. கிணற்றடியில் ஊர்ப் பெண்கள் அவர்கள் பாட்டுக்குத் தண்ணீர் சேந்திக்கொண்டு போனார்கள். யாராவது ஒருத்தி போகிற போக்கில் ஒரு குடத்தில் ஊற்றுவாள், யார் குடம் என்றுகூடப் பார்க்கமாட்டாள். எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவளும் அங்கே நின்றாள். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வாய் ஓயாமல் கேள்வி கேட்டவள்.

அடுத்த கோடையில் எங்கள் பிளாக்கில் வீடு கட்டும் வேலைக்கு அவள் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் வேலை முடிந்து போகிறவளைக் கூப்பிட்டு, இனிமேல் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போ, யாரையும் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். என் மனைவியிடமும் சொல்லி வைத்தேன். என் மனைவி முகம் சுளிக்கவில்லை, அவளைக் குறை சொல்லமாட்டேன். பின்பக்கம் வரட்டும், அக்கம்பக்கத்தில் பேசுவார்கள் என்று மட்டும் சொன்னாள். கேட்காமல் எடுத்துக்கொள்ள ஓர் இடம் திரும்பவும் கொடுத்துவிட்டதாக நான் மனதுக்குள் கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொண்டேன். திருந்தாத ஜென்மம்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தாள். கூடவே ஒரு பெண் குழந்தை, ஆறு வயது இருக்கும், இடுப்பில் ஒரு சின்னக் குடம். பின்கதவு திறந்திருந்தது. குழாய் இரண்டடியில். குழந்தை குழாயைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கை நீட்டியது. எட்டிவிடும் உயரம்தான்.

நான், "பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ" என்றேன்.

அவள் குழந்தையின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அதட்டவில்லை. எப்படி நிற்பது என்று பழக்கிக் கொடுக்கிற குரலில் சொன்னாள்:

"கொடத்த வெச்சுட்டுத் தள்ளி நில்லு. அவங்களா ஊத்துவாங்க."

குழந்தை குடத்தை வைத்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓரடி பின்னால் போனது. போதாது என்று அவள் கண்ணைக் காட்டினாள். இன்னும் இரண்டடி போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

நான் குழாயைத் திறந்தேன்.